பிளேட் போட்டால் மேல்தாடை முன்னால் வருமா? 26 வயதில் கேட்ட ஒரு தங்கைக்கு

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 26. சின்ன வயதிலிருந்தே கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் நிற்கிறது. பக்கவாட்டில் படம் எடுத்தால் மூக்குக்குக் கீழே முகம் உள்ளே போன மாதிரித் தெரிகிறது. ஒரு தனியார் கிளினிக்கில், அண்ணத்தில் ஒரு பிளேட் ஒட்டினால் எட்டு மாதத்தில் மேல்தாடை முன்னால் வளர்ந்துவிடும், ஒப்பரேஷன் தேவையில்லை, குறட்டையும் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட தொகை பெரியது. நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். "இது உண்மையா டொக்டர்?" என்பது அவர் கேட்டது.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. அந்தப் பிளேட் உங்கள் மேல்தாடை எலும்பை முன்னால் கொண்டுவருமா என்பது ஒன்று. ஒப்பரேஷன் இல்லாமல் ஒப்பேற்ற வழி உண்டா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில், வராது. இரண்டாவதற்கு, பல பேருக்கு வழி உண்டு; ஆனால் அது அவர்கள் சொன்ன வழி இல்லை. நான் பேராதனையில் படித்து, பல் சீரமைப்பில் நிபுணத்துவம் பெற்று, பல வருடமாக மலையகத்து ஆஸ்பத்திரிகளில் இதே வேலையைச் செய்து வருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு எது சரி என்று சொல்ல முடியாது. எது எல்லோருக்கும் பொது, எது ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

மேல்தாடை தனியாகத் தொங்கும் எலும்பு அல்ல. கன்ன எலும்பு, மூக்கெலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி எல்லாவற்றோடும் பொருத்துகளால் இணைந்திருக்கிறது. சின்னப் பிள்ளையில் அந்தப் பொருத்துகள் ஓரளவு நேராகவும் தளர்வாகவும் இருக்கும். பிள்ளை வளர வளர, இரண்டு கைவிரல்களை இறுக்கிக் கோத்துப் பிடித்த மாதிரி இரு பக்க எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். டென்மார்க்கைச் சேர்ந்த பிர்த்தே மெல்சன், இறந்தவர்களின் அண்ண எலும்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வயதோடு இந்தப் பொருத்து எப்படி மாறுகிறது என்பதை 1975இல் வெளியிட்டார். பருவமடையும் காலத்துக்குள் அந்தக் கோப்பு எவ்வளவு இறுகிவிடுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். இன்னொரு விஷயமும் முக்கியம். பிள்ளைப் பருவத்தில் மேல்தாடை முன்னால் வருவது, அதன் முன்பக்கத்தில் எலும்பு சேர்ந்து அல்ல. பின்பக்கத்திலும் பொருத்துகளிலும் எலும்பு சேர்ந்து முழுத் தாடையும் முன்னால் நகர்கிறது. முன்முகப்பில் அந்தக் காலத்தில் எலும்பு கரைவதுதான் அதிகம். ஆகவே அண்ணத்தின் முன்பகுதியை அழுத்தினால் அந்த இடத்தில் எலும்பு புதிதாக வளர்ந்து தாடை முன்னால் வரும் என்ற பேச்சு, தாடை வளரும் விதத்துக்கே ஒத்துவராது.

அப்படியானால் 26 வயதில் அந்தப் பிளேட் என்ன செய்யும்? முன்பற்களைத் தள்ளும். பல்லுக்கு விசை கொடுத்தால் பல் நகரும். அதை வைத்துத்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. அளவாக விசை கொடுத்தால் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். பிளேட் தள்ளும்போது பல்லின் நுனி வெளியே சாயும், மேலுதடு கொஞ்சம் முன்னால் வரும், படத்தில் முகம் மாறின மாதிரி இருக்கும். கோரைப்பல்லுக்குப் பின்னால் இடைவெளி விழும். அதைக் காட்டி "பாருங்கள், தாடை வளர்ந்திருக்கிறது" என்பார்கள். தாடை இருந்த இடத்திலேயே இருக்கும், பல் மட்டும் தன் எலும்பை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். மேல் முன்பற்களின் வேருக்கு வெளிப்பக்கத்தில் இருக்கும் எலும்பு பெரும்பாலானோருக்கு 1 மில்லிமீட்டர் கூட இருக்காது. அதைத் தாண்டி வேரைத் தள்ளினால் எலும்பு கரையும், முரசு (ஈறு) இறங்கும்.

டிக்கோயாப் பக்கத்து இளைஞர் ஒருவர் இப்படியான சிகிச்சை முடித்த பிறகு என்னிடம் வந்தார். மேல் முன்பல் நான்கும் வெளியே சாய்ந்திருந்தன. உதட்டைத் தூக்கி முரசின் மேல் விரலை ஓட்டினால் ஒவ்வொரு வேரின் மேடும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. பல்லில் விரல் நுனியை வைத்துக்கொண்டு "மெதுவாகக் கடிங்க தம்பி" என்றேன். ஒவ்வொரு கடிக்கும் பல் விரலுக்கடியில் அசைந்தது. முப்பரிமாண ஸ்கேனில் வேரின் முன்பாதிக்கு வெளியே எலும்பே தெரியவில்லை. சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்து பார்த்தபோது, தாடையின் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தது. பல்லின் கோடு மட்டும் விலகியிருந்தது. அவருக்கு அதற்குப் பிறகு செய்யக்கூடியது மிகவும் குறைவாகத்தான் இருந்தது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் ஏஜிஜிஏ என்ற பெயரில் இதே வாக்குறுதியோடு ஒரு கருவி பரவலாகப் பொருத்தப்பட்டது. பல் ஆடியதாக, எலும்பு போனதாக, பல்லே விழுந்ததாகச் சொல்லிப் பலர் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு பொறுப்பை மறுத்தது. 2023 மார்ச்சில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸும் சேர்ந்து இதை வெளியில் கொண்டுவந்தன. அதே மாதக் கடைசியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகைக் கருவிகளின் பாதுகாப்பை ஆராய்வதாக அறிவித்தது. உங்களுக்குக் காட்டிய பிளேட் அதேதானா என்பது முக்கியமில்லை. வளர்ந்தவரின் அண்ணத்தில் வைத்து, பல்லையோ அண்ணத்தையோ தள்ளி, "தாடை முன்னால் வளரும்" என்று சொல்கிற எதுவாக இருந்தாலும் இதே கேள்விதான்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி, இன்னும் முடிவாகாத ஒரு பகுதி இருக்கிறது. அண்ணத்து எலும்பிலேயே சின்னத் திருகாணிகளை இறக்கி, அவற்றில் ஒரு விரிப்பானைப் பொருத்தி, நடுப் பொருத்தைப் பிரித்துத் தாடையை அகலமாக்கும் முறை ஒன்று உண்டு, மார்ப்பி என்பார்கள். தென்கொரியாவின் கீ ஜூன் லீயும் கூட்டாளிகளும் 2010இல் இருபது வயது நோயாளி ஒருவரில் இதைச் செய்து எழுதியதிலிருந்து இது பரவியது. இருபதுகளில் இருக்கும் பலருக்குப் பொருத்து பிரிகிறது. வயது ஏற ஏற, குறிப்பாக ஆண்களில், அது பிரியாமல் போகும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் இது கொடுப்பது அகலம். மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பல்லும் உள்பக்கமாகக் கடிக்கிறவருக்கு நல்ல முறை. இதோடு முகத்தில் ஒரு சட்டம் மாட்டி இழுத்தால் முன்னாலும் வருமா என்று சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். குறைந்த ஆட்களில் செய்த ஆய்வுகள், கிடைத்த அசைவும் சிறியது, நீண்ட காலம் நிற்குமா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆய்வு என்று சொல்லி, ஒழுங்கான பின்தொடர்தலோடு ஒருவர் செய்தால் அது வேறு. உறுதி என்று சொல்லி விலை பேசினால் நம்பவேண்டாம்.

குறட்டை விஷயமும் அப்படித்தான். தாடை அகலமானால் மூக்கின் தரையும் அகலமாகிறது, சிலருக்கு மூக்கால் மூச்சு விடுவது லேசாகிறது. ஆனால் குறட்டைக்குப் பல காரணம் உண்டு. இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கூடப் படுக்கிறவர்கள் சொன்னால், பகலில் தூங்கி விழுந்தால், பல் வைத்தியரிடம் போகும் முன் காது மூக்கு தொண்டை வைத்தியரையோ சுவாச நோய் வைத்தியரையோ பாருங்கள். தூக்கப் பரிசோதனை ஒன்று தேவைப்படலாம். குறட்டைக்கு என்று விற்கப்படும் வாய்க்கருவிகளில் பெரும்பாலானவை கீழ்த்தாடையை முன்னால் பிடித்துவைப்பவை. ஏற்கெனவே கீழ்ப்பல் முன்னால் நிற்கிற உங்களுக்கு அதைத் தானாக வாங்கிப் போடுவது நல்லதல்ல.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முதலில், பின்தங்கியிருப்பது உண்மையிலேயே மேல்தாடைதானா என்று பார்க்கவேண்டும். மேல்தாடை உள்ளே போயிருக்கிறது என்று வருகிறவர்களில் கணிசமானோருக்கு மேல்தாடை சரியாக இருக்கும், கீழ்த்தாடை பெரிதாக இருக்கும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். மேல் முன்பல்லைச் சின்ன வயதிலேயே பிடுங்கிவிட்டு அப்படியே விட்டவர்களும் தோட்டப் பகுதிகளில் நிறைய. பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்து உதடு உள்ளே விழும்; அதற்கு வைத்தியமே வேறு. இதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாது. பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேயில் புள்ளிகளைக் குறித்துக் கோணங்களை அளக்கிறோம். மண்டையோட்டின் அடிக்கு மேல்தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதைக் காட்டும் எஸ்என்ஏ கோணத்துக்குப் பாடப்புத்தகச் சராசரி 82 பாகை, கீழ்த்தாடைக்கான எஸ்என்பி 80. இவை வெள்ளைக்கார முகங்களில் எடுத்த சராசரி என்பதால் ஒரு பாகை இரண்டு பாகைக்காக நாம் அலட்டிக்கொள்வதில்லை. எந்தத் தாடை விலகியிருக்கிறது, எவ்வளவு என்பது அதில் தெரியும். அந்த எக்ஸ்ரே எடுக்காமலே யாராவது உங்களுக்குப் பிளேட் பேசியிருந்தால், அந்த இடத்துக்கு மறுபடி போகத் தேவையில்லை.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நேராக உட்கார்ந்து, நாக்கு நுனியை அண்ணத்தில் எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால் வைத்துக்கொண்டு, வாயை மெதுவாக மூடுங்கள். மேல் கீழ் முன்பற்களின் நுனியும் நுனியும் முட்டினால், உங்கள் குறையில் ஒரு பங்கு கீழ்த்தாடை வழுக்கி முன்னால் போவதால் வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் பல்லுக்குப் போடும் கம்பியால் மட்டும் கடியை, அதாவது மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை, சரிசெய்யும் வாய்ப்பு அதிகம். முட்டாமல் கீழ்ப்பல் நன்றாக முன்னாலேயே நின்றால் வாய்ப்புக் குறைவு. இது ஒரு குறிப்பு மட்டும்தான்.

கம்பி வைத்தியம் என்று நான் சொல்வது, தாடையை அதன் இடத்தில் விட்டுவிட்டு, எலும்புக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்குள் மேல்பல்லைக் கொஞ்சம் முன்னாலும் கீழ்ப்பல்லைக் கொஞ்சம் பின்னாலும் கொண்டுவருவது. சில வேளை கீழே ஒரு பல்லையோ இரண்டையோ எடுத்து இடம் செய்வோம். ரப்பர் பட்டி போடச் சொல்வோம். அதை ஒழுங்காகப் போடாவிட்டால் வேலை நடக்காது. ஒன்றரை முதல் இரண்டரை வருடம் பிடிக்கும். முடிவில் முன்பல்லால் பாணைக் கடித்து எடுக்க முடியும், சிரிப்பு மாறும். பக்கவாட்டு முகம் பெரிதாக மாறாது. இதைப் பிளேட்காரர்கள் சொல்லமாட்டார்கள், நான் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்கிறேன்: முகம் மாறவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் கம்பி மட்டும் போதாது. பாதி வழியில் மனம் மாறி ஒப்பரேஷனுக்குப் போக நினைத்தால், கம்பியால் நகர்த்திய பல்லை மறுபடி எதிர்த்திசைக்கு நகர்த்தவேண்டி வரும். அதனால் எந்த வழி என்பதை முதலிலேயே முடிவுசெய்வது நல்லது.

வளர்ந்தவரின் மேல்தாடையை உண்மையில் முன்னால் கொண்டுவருவது சத்திரசிகிச்சைதான். பிரான்சின் ரெனே லெ ஃபோர் 1901இல், முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று விவரித்தார். அதில் முதலாவது கோட்டில், அதாவது பல்வேர்களுக்கு மேலே, எலும்பைக் கவனமாக அறுத்துத் தாடையை விடுவித்து, வேண்டிய இடத்தில் வைத்து, டைட்டேனியத் தகடும் திருகாணியும் போட்டுப் பிடிப்பதுதான் லெ ஃபோர் 1 ஒப்பரேஷன். 1960களில் சுவிட்சர்லாந்தின் ஹூகோ ஒப்வேகசர் இதை வழக்கமான வைத்தியமாக்கினார். வெட்டு மேலுதட்டுக்கு உள்ளே இருப்பதால் முகத்தில் தழும்பு வராது. 5, 6 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவருவது சாதாரணம். 10ஐத் தாண்டினால் திரும்பிப் போகும் அபாயம் கூடும், அதற்கு வேறு முறைகளை யோசிப்பார்கள். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்து சின்ன வயதில் தைத்தவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. அவர்களுக்குத் தாடை முன்னால் வரும்போது பேச்சில் காற்று மூக்கு வழியாகக் கசியலாம் என்பதால் பேச்சு வைத்தியரும் முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கம்பி போடவேண்டும், பிறகும் பல மாதம். முன்னால் போடும் கம்பி, பற்களை அந்தந்தத் தாடையில் நேராக நிறுத்துவதால் கடி முதலில் இன்னும் மோசமாகத் தெரியும். இந்தக் கட்டத்தில்தான் வீட்டார், "இருந்ததையும் கெடுத்துக்கிட்டியே" என்று சொல்லி, பிள்ளைகள் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவரையாவது முதல் நாளே கூட்டிவாருங்கள், நாங்கள் அவருக்கும் விளக்குவோம். ஒப்பரேஷன் முடிந்து முதல் சில நாள் கஞ்சியும் சூப்பும்தான். எலும்பு ஒட்ட ஆறு வாரம் போல ஆகும், அதுவரை மெல்லத் தேவையில்லாத சாப்பாடு. மேலுதடும் கன்னமும் மரத்துப்போகும், பெரும்பாலும் மாதங்களில் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கீழ்த்தாடையையும் சேர்த்துச் செய்தால் கீழுதட்டு மரப்புத் தங்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். மூக்கின் அடிப்பகுதி சற்று அகலலாம். முழு மயக்கத்தில் செய்யும் பெரிய ஒப்பரேஷன் இது, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் தேவையானவருக்குச் சரியாகச் செய்தால், கடியும் முகமும் ஒன்றாகச் சரியாவது இதில்தான்.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். சாப்பிட முடிகிறது, பல் தேயவில்லை, முரசு நன்றாக இருக்கிறது, முகம் உங்களை உறுத்தவில்லை என்றால் வைத்தியம் கட்டாயமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது மனது கஷ்டப்பட்டது தங்கச்சி. வரன் வீட்டார் வரும் தேதியைக் கணக்கு வைத்து இரண்டு வருட வைத்தியத்தை எட்டு மாதமாகச் சுருக்க முடியாது. அந்த அவசரத்தை நம்பித்தான் இந்த எட்டு மாதப் பிளேட் விற்பனையாகிறது.

கிளினிக்கில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், மிச்சத்தைக் கொடுக்கும் முன் நேராகக் கேளுங்கள். நகரப்போவது பல்லா எலும்பா, அதை எந்த எக்ஸ்ரேயில் அளந்து காட்டுவீர்கள், பல் வெளியே சாய்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பல் சீரமைப்பில் நிபுணத்துவப் பட்டம் இருக்கிறதா என்பதையும் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நகையை அடகு வைக்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் காட்டி, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். பல் சீரமைப்புப் பிரிவும் முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன, இரண்டு நிபுணர்களும் சேர்ந்து பார்த்து முடிவுசொல்வார்கள். ஹட்டனிலிருந்து கண்டி பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது. காத்திருப்புப் பட்டியல் நீளம், அதை ஒளிக்கமாட்டேன். அதனால்தான் சீக்கிரம் பதிந்துகொள்ளச் சொல்கிறேன். போகும் முன் சொத்தைப் பல்லையும் முரசையும் சரிசெய்துகொள்ளுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கினால் வாய் இறுகித் திறக்க முடியாமல் போனவருக்குக் கம்பியும் கஷ்டம், ஒப்பரேஷனும் கஷ்டம்.

கடைசி வரியில், அக்காவின் எட்டு வயது மகளுக்கும் இதே கடி என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்களைவிட அவளைப் பற்றித்தான் அவசரம். தாடையைக் கருவியால் முன்னால் இழுக்க முடிகிற வயது அதுதான். நெற்றியிலும் நாடியிலும் தாங்கும் ஒரு முகச்சட்டத்தை, பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நேரமும் தூங்கும் நேரமுமாக ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணித்தியாலம் மாட்டி, பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் விசையில் ரப்பரால் இழுப்போம். தாடை 2, 3 மில்லிமீட்டர் முன்னால் வரலாம். பிரித்தானியாவில் 10 வயதுக்கு உட்பட்ட 73 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், சட்டம் மாட்டியவர்களில் 36 சதவீதமும் மாட்டாதவர்களில் 66 சதவீதமும் ஒப்பரேஷன் தேவைப்படும் நிலையில் இருந்தார்கள். எல்லாப் பிள்ளையும் தப்புவதில்லை. கீழ்த்தாடை பருவ வயதில் மறுபடி முந்திக்கொண்டு வளரலாம். ஆனாலும் இந்த வயதில் பார்க்காமல் விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பாடசாலை விடுமுறை வரும்வரை காத்திருக்கவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். கடிதம் வாங்கும்போது உங்களுக்கும் அவளுக்கும் தனித்தனியாக வாங்கி, பிள்ளையின் கடிதத்தில் பிறந்த திகதியையும் "கீழ்ப்பல் முன்னால் கடிக்கிறது" என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.